உரைக் கோப்பா, பைனரிக் கோப்பா: நிரலர் முடிவு செய்யும் முறை

திருப்பூரில் பனியன் துணிகளுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கும் ஒரு பட்டறைக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய நிரல் எழுதினேன். அங்கே ஒரே கணினியில் ஆயிரக்கணக்கான டிசைன் கோப்புகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் எத்தனை தையல், எத்தனை இடத்தில் நூல் மாற்ற வேண்டும், டிசைனின் அகலமும் உயரமும் எவ்வளவு என்று படித்துப் பட்டியலிட வேண்டும் என்பதே வேலை. சி மொழியில் எழுதி, கோவையில் என் லினக்ஸ் கணினியில் சோதித்தபோது பட்டியல் சரியாக வந்தது. பட்டறையின் விண்டோஸ் கணினியில் ஓட்டியபோது டிசைனின் பெயரும் அளவும் சரியாக வந்தன. ஆனால் நிரல் தானே எண்ணிய தையல் கணக்கு மட்டும் எல்லாக் கோப்புக்கும் பூஜ்யம் என்று வந்தது.

கோப்பைத் திறக்கும் கட்டளையில் படிப்பதைக் குறிக்கும் ஆர் என்ற எழுத்தை மட்டும் எழுதிவிட்டு, அதனோடு சேர வேண்டிய, பைனரியைக் குறிக்கும் பி என்ற எழுத்தை விட்டிருந்தேன். பைட்டுகளை (0 முதல் 255 வரையிலான எண்களை) மாற்றாமல் அப்படியே தரும் பைனரி முறையில் திறக்க வேண்டிய கோப்பை, எழுத்து வரிகளாகக் கருதிக் கையாளும் உரை முறையில் திறந்ததுதான் பிழை. லினக்ஸில் சி மொழி நூலகம் இந்த இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை என்பதால் பிழை அங்கே வெளியே தெரியவில்லை. விண்டோஸில் வேறுபாடு உண்டு, அது சிறியதும் அன்று.

எம்பிராய்டரிப் பட்டறைகளில் பெரிதும் புழங்கும் டிஎஸ்டி வகைக் கோப்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இந்த வேறுபாடு தெளிவாகப் புரியும். அதன் முதல் 512 பைட்டுகள் தலைப்பகுதி. அதில் டிசைனின் பெயர், தையல் எண்ணிக்கை, அளவுகள் ஆகியவை கண்ணால் படிக்கத்தக்க எழுத்துகளாக, ஒவ்வொன்றின் இறுதியிலும் 13 என்ற பைட்டுடன் எழுதப்பட்டிருக்கும். விவரங்கள் முடிந்த இடத்தில் வழக்கமாக 26 என்ற பைட்டு இருக்கும். மீதி இடம் 512 வரை வெற்றிடக் குறிகளால் நிரப்பப்படும். அதன் பிறகு ஒரு தையலுக்கு 3 பைட்டு வீதம் தொடர்ந்து வரும். பழைய சிபி/எம் இயங்குதளம் கோப்பின் நீளத்தை 128 பைட்டுத் துண்டுகளாக மட்டுமே கணக்கு வைத்ததால், உரை உண்மையில் எங்கே முடிகிறது என்று காட்ட 26 என்ற பைட்டை இட்டார்கள். அந்த வழக்கம் டாஸ் வழியாக விண்டோஸின் சி நூலகத்துக்கும் வந்து, உரை முறையில் படிக்கும்போது 26 தென்பட்டால் கோப்பு முடிந்துவிட்டதாக இன்றும் அது எடுத்துக்கொள்கிறது. என் நிரல் தலைப்பைப் படித்து முடித்த இடத்திலேயே நின்றுபோனது அதனால்தான்.

படிக்கும்போது நேர்ந்ததால் டிசைன் எதுவும் கெடவில்லை. அதே நிரல் டிசைனைத் திருத்தி மீண்டும் எழுதுவதாக இருந்திருந்தால் துணி வீணாகியிருக்கும். டிஎஸ்டியில் அளவின் அலகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஊசியின் நகர்வு 1, 3, 9, 27, 81 என்ற அளவுகளைக் கூட்டியும் கழித்தும் குறிக்கப்படுகிறது. இவற்றின் கூட்டுத்தொகை 121 என்பதால் ஒரே தையலில் ஒரு திசையில் 12.1 மில்லிமீட்டருக்கு மேல் நகர முடியாது. நேர் இடப்பக்கமாக 1 மில்லிமீட்டர் நகரும் தையல் 10, 0, 3 என்ற மூன்று பைட்டுகளாக எழுதப்படும். விண்டோஸின் உரை முறைக்கு 10 என்றால் வரி முடிவு. அதை எழுதும்போது முன்னால் ஒரு 13 ஐயும் தானாகச் சேர்த்துவிடும். அந்த ஒரு பைட்டு நுழைந்ததும் மும்மூன்றாகப் பிரியும் வரிசை முழுவதும் ஒரு பைட்டு விலகிவிடும். அதற்குப் பின்வரும் ஒவ்வொரு தையலும் வேறொரு நகர்வாகப் பொருள்படும். தறியில் ஓர் இழை விழுது மாறிப் புகுந்தால் அந்த இடத்திலிருந்து நெசவு கெட்டுக்கொண்டே போவதைச் சோமனூரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இரண்டு கேள்விகள், இரண்டு விடைகள்

இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் எப்போதும் பிரித்தே பார்ப்பது இரண்டு கேள்விகளை. தரவை எந்த வடிவத்தில் வைப்பது என்பது ஒன்று. அந்தக் கோப்பை எந்த முறையில் திறப்பது என்பது மற்றொன்று. உரை வடிவத்தில் இருக்கும் கோப்பை பைனரி முறையில் திறப்பது பல நேரங்களில் சரியானது, சில நேரங்களில் கட்டாயமும்கூட. பைனரி வடிவத்தில் இருக்கும் கோப்பை உரை முறையில் திறப்பது எந்த நேரத்திலும் சரியாகாது. புதிதாக நிரல் எழுத வருபவர்கள் இரண்டையும் ஒரே கேள்வியாகக் கருதிக்கொள்வதால்தான், வடிவத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பின்பும் கோப்பு கெட்டுப்போகிறது.

இரண்டாவது கேள்விக்கான விடை சுருக்கமானது. கோப்பில் உள்ளவை எழுத்துகள் என்பதும், அவை எந்தக் குறியேற்றத்தில் (எழுத்துகளை பைட்டுகளாக்கும் அட்டவணையில்) உள்ளன என்பதும் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் உரை முறையில் திறக்க வேண்டும். நகலெடுப்பது, சுருக்குவது, இணையத்தில் அனுப்புவது, சரிபார்ப்பு எண் கணிப்பது போன்ற வேலைகளில் உள்ளே என்ன இருக்கிறது என்பது நிரலுக்குத் தேவையில்லை. அங்கெல்லாம் பைனரி முறைதான். உரைக் கோப்பாகவே இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட பைட்டு இடத்துக்குத் தாவிப் படிக்க வேண்டுமானால் பைனரி முறையே பொருந்தும். உரை முறையில் சி மொழித் தரம், கோப்பின் தொடக்கமும் இறுதியும் தவிர, முன்பு நூலகமே சொன்ன இடத்துக்குத் திரும்பிச் செல்வதற்கு மட்டும்தான் இடம் தருகிறது. பைத்தானில் இந்தப் பிரிவு வெளிப்படையாகவே உண்டு. 2008 இல் வந்த பைத்தான் 3 முதல், உரை முறை எழுத்துச் சரத்தையும் பைனரி முறை பைட்டுகளையும் தருகின்றன; இரண்டையும் கலக்க முயன்றால் மொழியே தடுத்துவிடும். அந்தத் தடையைத் தொல்லையாகக் கருதாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது நல்லது.

வடிவத்தைத் தீர்மானிப்பது

முதல் கேள்விக்கு விடை காணும்போது வேகம், அளவு ஆகியவற்றிலிருந்து தொடங்குவது பலரின் வழக்கம். நான் அப்படித் தொடங்குவதில்லை. இந்தக் கோப்பை நாளை திறக்கப் போகிறவர் யார், அப்போது அவர் கையில் என்ன கருவி இருக்கும் என்பதை முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

கோவையின் கணபதியிலோ குறிச்சியிலோ, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் பம்பு உதிரிபாகம் கடையும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்துக்கு ஏற்றப்படும் ஜி-கோடு நிரல் முழுக்க உரைக் கோப்பு. பெரும்பாலும் % குறியில் தொடங்கி % குறியில் முடியும். இரவு ஷிப்டில் வார்ப்பு சற்றுக் கடினமாக வந்துவிட்டால், இயந்திரத்தின் முன் நிற்கும் ஆபரேட்டர் திரையிலேயே ஒரு வரியைத் தேடி, வெட்டும் வேகத்தைக் குறைத்து, வேலையைத் தொடர்வார். அந்தக் கோப்பு பைனரியாக இருந்திருந்தால், எழுதிய மென்பொருளும் அதை இயக்கத் தெரிந்தவரும் காலையில் வரும்வரை இயந்திரம் சும்மா நின்றிருக்கும். மனிதன் படித்துத் திருத்த வேண்டிய அமைப்புக் கோப்பு, வேலைக் கட்டளை, பிழைப் பதிவேடு ஆகியவை அனைத்துக்கும் இந்தக் காரணம் ஒன்றே போதும். அவை உரையாகவே இருக்க வேண்டும்.

வேறு நிறுவனத்தின் மென்பொருள் படிக்க வேண்டிய கோப்பும் பெரும்பாலும் உரைதான். ஜிஎஸ்டி கணக்கைக் கணினியில் தயாரித்து ஏற்றுபவர்கள் அதை ஜேசான் வடிவில் தருகிறார்கள். 2020 அக்டோபர் 1 முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் கொண்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் சிறிய நிறுவனங்களுக்கும் விரிந்த மின் விலைப்பட்டியலும் ஜேசான்தான். திருப்பூர் ஏற்றுமதியாளரின் மென்பொருளை எந்த மொழியில் யார் எழுதியிருந்தாலும் அரசின் கணினி அதைப் படிக்க வேண்டும் என்னும்போது, பெயரும் மதிப்பும் அருகருகே நிற்கும் உரை வடிவம் இரு தரப்புக்கும் பொதுமொழியாகிறது. லாரி எடை போடும் வேபிரிட்ஜின் எடைகாட்டிகள் பலவும் சீரியல் கம்பி வழியே எடையை எழுத்து வரிகளாகவே அனுப்புகின்றன. வந்த வரியை நேரத்தோடு சேர்த்து அப்படியே ஒரு கோப்பின் இறுதியில் எழுதிக்கொண்டு போவதைவிட நல்ல பதிவேடு அந்த வேலைக்குத் தேவையில்லை. ஒரு நாளைக்குச் சில நூறு வண்டிகள் வரும் இடத்தில் பைட்டுகளைச் சேமிப்பதால் யாருக்கும் பயனில்லை.

அளவும் வேகமும் உண்மையிலேயே முடிவை மாற்றும் இடங்களும் உண்டு. ஒரு பம்பு சோதனை மேடையில் அழுத்தத்தை நொடிக்கு 1,000 முறை அளந்து பதிவதாக வைத்துக்கொள்வோம். ஓர் அளவுக்கு 2 பைட்டு என்றால் ஒரு நாளில் 17,28,00,000 பைட்டுகள் சேரும். அதையே எண்களாக எழுதி வரி பிரித்து வைத்தால், ஓர் அளவுக்குச் சராசரியாக 6 பைட்டு என்று கொண்டாலும், 51,84,00,000 பைட்டுகள் ஆகும். இங்கே மும்மடங்கு இடத்தைவிடப் பெரிய சிக்கல், மாலை 4 மணிக்கு எடுத்த அளவு கோப்பில் எங்கே இருக்கிறது என்பதுதான். ஒவ்வொரு அளவும் ஒரே நீளமாக இருக்கும் பைனரிக் கோப்பில் ஒரு பெருக்கல் கணக்கில் அந்த இடத்துக்குப் போய்விடலாம். வரிகளின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும் உரைக் கோப்பில் முதலிலிருந்து வரி எண்ணிக்கொண்டே வர வேண்டும். படம், ஒலி, காணொளி, உணரிகளின் தொடர் அளவுகள் ஆகியவற்றுக்கு பைனரி பொருந்துவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

தசம எண்களுக்கும் ஒரு சொல். கணினி தசம எண்ணை வழக்கமாக வைக்கும் வடிவமான இரட்டைத் துல்லிய மிதவை எண்ணை உரையாக எழுதி மீண்டும் அதே எண்ணாகப் படிக்க வேண்டுமானால் 17 இலக்கங்கள் வரை எழுத வேண்டியிருக்கும். இரண்டு தசம இடத்தோடு நிறுத்தினால் சேமிக்கும்போது மதிப்பு சற்றே நகரும். பைனரியில் இந்தத் தேய்மானம் இல்லை. பணத்தை மட்டும் இரண்டு வடிவத்திலும் மிதவை எண்ணாக வைக்காமல், பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைக்க வேண்டும்.

உரையைத் தேர்ந்தெடுத்த பின்

உரைக் கோப்பு எளியது என்ற நம்பிக்கை தமிழ் எழுதும் இடத்தில் அவ்வளவாகச் செல்லாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு எடுக்கும். மஞ்சள் என்ற சொல்லை நாம் நான்கு எழுத்தாக எண்ணுகிறோம். யூனிகோடு அதைப் புள்ளிகளையும் தனியாகச் சேர்த்து ஆறு குறியாக எண்ணுகிறது. கோப்பில் அது 18 பைட்டு. ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றுக்கு எழுதப்பட்ட பழைய நிரலில் ஊர்ப் பெயருக்கு 20 பைட்டு ஒதுக்கியிருந்தால், பெருந்துறை என்ற பெயரின் 30 பைட்டுகள் அதில் அடங்காது. 20 இல் வெட்டினால் ‘பெருந்’ என்பதோடு, அடுத்த தகரத்தின் மூன்று பைட்டுகளில் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த அரைகுறைத் துண்டைப் படிக்கும் அடுத்த நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். எனவே தமிழ்ச் சொற்களுக்கு நிலையான பைட்டு அகலம் ஒதுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

திறக்கும்போது குறியேற்றத்தின் பெயரை வெளிப்படையாக எழுதுவது, நான் எவரிடமும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்ளும் ஒரு பழக்கம். பெயரைச் சொல்லாமல் விட்டால் பைத்தான் இயங்குதளத்தின் இயல்பு குறியேற்றத்தை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் அலுவலகங்களின் விண்டோஸ் கணினிகளில் அது பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 1252 என்னும் பட்டியலாக இருக்கும். யூடிஎஃப்-8 இல் எழுதிய ‘ஈரோடு’ என்ற சொல்லை அந்தப் பட்டியலின்படி படித்தால், உகரக் குறியின் கடைசி பைட்டான 129 அதில் இல்லை என்பதால் நிரல் பிழையோடு நிற்கும். புள்ளி வைத்த எந்த எழுத்துக்கும் இதே கதிதான்; அங்கே இல்லாத பைட்டு 141. ஆனால் ‘பவானி’ என்ற சொல்லின் 15 பைட்டுகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் பிழை எதுவும் வராது. பொருளற்ற 15 எழுத்துகள் அமைதியாக உள்ளே வந்து தரவுத்தளத்தில் தங்கிவிடும். ஈரோட்டில் நின்றுபோன நிரல் பவானியில் ஓடுகிறதே என்று தேடுபவருக்கு நாள் முழுவதும் போகும். பைத்தான் 3.15 பதிப்பு முதல் யூடிஎஃப்-8 இயல்பாகிறது என்றாலும், பழைய பதிப்புகள் பட்டறைக் கணினிகளில் நெடுநாள் இருக்கும்; ஆகவே பெயரை எழுதிவிடுவதே பாதுகாப்பு.

பழைய தமிழ்க் கோப்புகள் வேறொரு கவனத்தைக் கோருகின்றன. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களும், அவற்றுக்கு வெளியே திஸ்கியும், எழுத்துருவைச் சார்ந்த எத்தனையோ தனி முறைகளும் புழக்கத்தில் இருந்தன. 2010 சூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று, அது இயங்காத இடங்களுக்கு டேஸ் 16 ஐ மாற்றாக வைத்தது. அதற்கு முன் அச்சகங்களிலும் கமிஷன் கடைகளிலும் தட்டச்சு செய்தவை இன்றும் பல கணினிகளில் இருக்கின்றன. இவற்றை உரை முறையில் திறந்து, படிக்க முடியாத பைட்டுகளை விட்டுவிடும்படி கட்டளையிடுவது பெருந்தவறு. எழுத்துகள் சுவடின்றி மறையும். பைனரி முறையில் திறந்து, பைட்டுகளாகவே வாங்கி, உரிய அட்டவணையின்படி ஒவ்வொன்றாக மாற்றி, யூடிஎஃப்-8 இல் புதிய கோப்பாக எழுதுவதே முறை. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள் என்பதால் எந்தக் குறியேற்றத்தில் திறந்தாலும் பெரும்பாலும் பிழை வராது. மாற்றிய பின் ஒருவர் கண்ணால் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அட்டவணையைக் காற்புள்ளி பிரித்த சிஎஸ்வியாகத் தரும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. நாம் 1,25,000 என்று எழுதும் தொகையில் உள்ள காற்புள்ளிகளை நிரல் மூன்று பத்திகளாகப் பிரித்துவிடும். ஆகவே கோப்பில் எண்ணைக் காற்புள்ளியின்றி எழுதி, காட்டும் இடத்தில் மட்டும் பிரித்துக் காட்ட வேண்டும். விண்டோஸில் பைத்தானின் சிஎஸ்வி கருவியைப் பயன்படுத்தும்போது, வரி முடிவை மாற்ற வேண்டாம் என்று திறக்கும் கட்டளையிலேயே சொல்லாவிட்டால், ஒவ்வொரு வரிக்கும் இடையே ஒரு வெற்று வரி தோன்றும். கருவி எழுதும் 13, 10 என்ற இணையில் உள்ள 10 க்கு உரை முறை மேலும் ஒரு 13 ஐச் சேர்த்துவிடுவதே காரணம். எக்செலில் திறக்கப் போகும் கோப்பானால் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டு அடையாளத்தை எழுதித் தருவது நல்லது, இல்லையெனில் தமிழ் சிதைந்து தெரியக்கூடும். அதே அடையாளத்தை எதிர்பாராத வேறு நிரல்கள் முதல் பத்தியின் பெயரோடு அதை ஒட்டிப் படித்துவிடும் என்பதால் எக்செலுக்கு அல்லாத கோப்புகளில் எழுதக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகளில் வேறு. ஊர்ப் பெயரை வைத்துத் தேடும் நிரல், ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பைனரியைத் தேர்ந்தெடுத்த பின்

பைனரிக் கோப்பின் குறை, அது தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதே. டிஎஸ்டியில் வழக்கமாக நூலின் நிறம் எழுதப்படுவதில்லை. இங்கே நூலை மாற்று என்ற குறிப்பு மட்டும் இருக்கும். எந்த ஊசியில் எந்த நிறம் என்பது தனித்தாளில் வரும். தாள் தொலைந்தால் டிசைனைப் போட்டவரையே கேட்க வேண்டும். எனவே புதிய பைனரி வடிவம் வகுப்பவர் நான்கு ஆண்டு கழித்து வேறொருவர் வெறும் கோப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்பார் என்று கருதியே வகுக்க வேண்டும்.

தொடக்கத்தில் கோப்பை அடையாளம் காட்டும் சில பைட்டுகளையும், அடுத்து வடிவத்தின் பதிப்பு எண்ணையும் வையுங்கள். பிஎன்ஜி படக் கோப்பின் முதல் எட்டு பைட்டுகள் இதற்கு நல்ல பாடம்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இரண்டாவது முதல் நான்காவது வரை உள்ள மூன்று எண்கள் பிஎன்ஜி என்ற வடிவத்தின் பெயர். முதலில் உள்ள 137, எட்டாவது பிட்டை வெட்டும் பாதையில் கோப்பு சென்றதா என்று காட்டும். 13, 10 இணையும் இறுதியில் தனியாக நிற்கும் 10 உம், யாராவது உரை முறையில் நகலெடுத்து வரி முடிவை மாற்றியிருந்தால் காட்டிக்கொடுக்கும். 26, டாஸில் திரையில் அச்சிட முயன்றால் அங்கேயே நிறுத்திவிடும். திருப்பூரில் நான் செய்த பிழையை இந்த வடிவத்தை வகுத்தவர்கள் எதிர்பார்த்து, முதல் எட்டு பைட்டிலேயே பிடித்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள்.

எண்களின் அகலத்தையும் பைட்டு வரிசையையும் ஆவணத்தில் எழுதி வைக்க வேண்டும். இன்டெல் வகைக் கணினி 1,000 என்ற எண்ணை 4 பைட்டில் 232, 3, 0, 0 என்று சிறுமுனை முதலாக, அதாவது சிறிய மதிப்புக்குரிய பைட்டு முதலில் வரும்படி, எழுதும். பெருமுனை முதலாகப் படிக்கும் கருவிக்கு அதே பைட்டுகள் 3,89,25,10,720 என்ற எண்ணாகத் தெரியும். ஆலைகளில் மின் அளவிகளோடு பேசப் பயன்படும் மோட்பஸ் என்ற தொடர்பு முறை தன் 16 பிட் பதிவேடுகளைப் பெருமுனை முதலாக அனுப்புகிறது. வாங்கிய பைட்டுகளை அப்படியே கணினியின் எண்ணாக நினைத்துக்கொண்டால் மின்கட்டணக் கணக்கே மாறிவிடும். அகலத்திலும் கவனம் வேண்டும்: குறியுடைய 32 பிட் முழு எண்ணில் அடங்கும் பெரிய மதிப்பு 2,14,74,83,647. பைசாவில் கணக்கு வைத்தால் அது 2,14,74,836 ரூபாய் 47 பைசாவோடு முடிந்துவிடும். மஞ்சள் மண்டியின் வருட வரவு அதை எளிதில் தாண்டும் என்பதால் தொகைக்கு 64 பிட்டே சரி.

சி மொழியில் பல புலங்களை ஒன்றாகச் சேர்த்த ஒரு கட்டமைப்பை நினைவகத்தில் இருக்கும் அதே உருவில் கோப்பில் எழுதிவிடும் பழக்கம் ஆபத்தானது. ஒரு பைட்டு எழுத்தும் அதை அடுத்து 4 பைட்டு எண்ணும் கொண்ட கட்டமைப்பு வழக்கமாக 8 பைட்டு எடுக்கும். இடையில் உள்ள 3 பைட்டு நிரப்பு இடம், தொகுப்பியின் அமைப்பைப் பொறுத்து மாறக்கூடியது. ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே, வகுத்த வரிசையில் எழுத வேண்டும். நீளம் மாறும் சொற்களுக்கு முன்னால் பைட்டு நீளத்தை எழுதி, அதன் பின் சொல்லை எழுதலாம். கோப்பின் இறுதியிலோ ஒவ்வொரு பதிவின் இறுதியிலோ சிஆர்சி-32 போன்ற சரிபார்ப்பு எண் ஒன்று இருந்தால், கெட்ட கோப்பை நல்லதென்று நம்பி ஏமாற நேராது.

இத்தனையும் தேவைப்படும் அளவுக்குச் சிக்கலான தரவாக இருந்தால், சொந்த வடிவம் வகுப்பதை நிறுத்திவிட்டு எஸ்க்யூலைட்டைப் பயன்படுத்துங்கள் என்பதே என் உறுதியான கருத்து. 2000 இல் தொடங்கி, 2004 முதல் இதே மூன்றாம் வடிவத்தில் தொடரும் அது ஒரே கோப்பில் அமரும் பைனரித் தரவுத்தளம். தேடலும், திருத்தலும், மின்தடையிலிருந்து மீளுதலும் அதற்குள் ஏற்கனவே இருக்கின்றன. அதிலிருந்து கணக்கருக்கு சிஎஸ்வியும் அரசுக்கு ஜேசானும் எடுத்துக் கொடுத்தால் இரண்டு வடிவத்தின் நன்மையும் கிடைத்துவிடும்.

மின்சாரம் போகும்போது

விசைத்தறிக் கூடத்திலும் வேபிரிட்ஜிலும் யூபிஎஸ் இருக்கும் என்று எண்ணி நிரல் எழுதக் கூடாது. இறுதியில் மட்டும் சேர்த்து எழுதும் உரைக் கோப்பில், பெரும்பாலும் பாதியில் அறுந்த கடைசி வரியோடு இழப்பு நின்றுவிடும். அடுத்த முறை திறக்கும்போது வரி முடிவு இல்லாத அந்த வரியை ஒதுக்கிவிட்டுத் தொடரலாம். நிலையான நீளப் பதிவு கொண்ட பைனரிக் கோப்பில், கோப்பின் மொத்த நீளத்தைப் பதிவின் நீளத்தால் வகுத்து, மீதி இருந்தால் அந்த மீதியை நீக்க வேண்டும். இல்லையெனில் புதிதாகச் சேரும் பதிவுகள் அனைத்தும் இடம் விலகி நிற்கும். முழுக் கோப்பையும் மீண்டும் எழுத வேண்டிய இடத்தில் பழையதன் மேலேயே எழுதாமல், தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டுக்குச் சேர்ந்துவிட்டதை உறுதி செய்து, அதன் பின் பெயரை மாற்ற வேண்டும்.

கொடுப்பதற்கு முன் செய்யும் சோதனை

வாடிக்கையாளரிடம் நிரலைத் தருவதற்கு முன் நான் இரண்டு கோப்புகளை அதில் ஓட்டிப் பார்க்கிறேன். 0 முதல் 255 வரை எல்லா பைட்டுகளும் வரிசையாக உள்ள 256 பைட்டுக் கோப்பு ஒன்று. பைனரியாகக் கையாளும் எந்த நிரலும் அதைப் படித்து மறுபடி எழுதினால் 256 பைட்டும் மாறாமல் திரும்ப வேண்டும். விண்டோஸில் 257 ஆகத் திரும்பினால் 10 க்கு முன் ஒரு 13 நுழைந்திருக்கிறது. 26 பைட்டோ 27 பைட்டோ மட்டும் வந்தால் 26 ஆம் எண்ணில் படிப்பு நின்றுவிட்டது. மற்றொன்று, ஈரோடு, பவானி, பெருந்துறை, பொள்ளாச்சி என்று ஊர்ப் பெயர்களும், காற்புள்ளி உள்ள ஒரு முகவரியும், இறுதியில் வரி முடிவு இல்லாத ஒரு வரியும் கொண்ட யூடிஎஃப்-8 உரைக் கோப்பு. இரண்டையும் என் லினக்ஸ் கணினியில் ஒருமுறை ஓட்டிவிட்டு, நிரல் நாள்தோறும் ஓடப் போகும் பட்டறைக் கணினியிலேயே, அங்கே வேலை செய்பவர் பக்கத்தில் இருக்கும்போது, மறுமுறையும் ஓட்டிப் பார்க்கிறேன்.